நல்ல லென்ஸ்களை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று கோலப் போட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், கழுத்தில் ஒரு கனத்த கேமராவைத் தொங்கவிட்டு, லென்ஸின் வளையத்தை விரலால் திருகிக்கொண்டு நின்ற கிழவன் நான் ஒருவன்தான். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அருகில் வந்து சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், இந்த லென்ஸெல்லாம் இப்பவும் செய்றாங்களா? கெட்டுப்போனா சாமான் கிடைக்குமா?"

"செய்யலை தம்பி. நிறுத்தி இருபது வருஷம் ஆகப்போகுது."

"அவ்வளவு நல்ல சாமானா இருந்தா ஏன் சார் நிறுத்தினாங்க?"

அதற்குள் சாப்பாட்டுப் பந்திக்கு அழைப்பு வந்துவிட்டது. தம்பி போய்விட்டார். கேள்வி மட்டும் என்னுடன் கழக்கூட்டம் வரை வந்தது. அதற்கு என்னால் இயன்ற பதிலை நம் சங்க இதழிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எழுத்தாளன் அல்லன். நாகர்கோவிலில் டிப்ளமா முடித்து, 1983-ல் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்தவன். ஸ்லீப்பர், ஜல்லி, பாலம், வளைவு என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓடின. 2021-ல் ஓய்வு பெற்றேன். அறிக்கை எழுதிப் பழகிய கை இது. ஆகவே கட்டுரையும் கொஞ்சம் அறிக்கை மாதிரிதான் இருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கும் பைத்தியம் எனக்கு 1987-ல் பிடித்தது. துபாயில் இருந்த என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, ஒரு நிக்கான் கேமராவும் அதனுடன் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கி வந்தார். பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்துத் தீர்த்தேன். பிறகு 1994-ல் திருநெல்வேலியில் ஸ்டூடியோவை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து 105 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். என் பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் அந்த லென்ஸ் வழியாக எடுத்தவைதாம். என் தாயாரின் கடைசிப் படமும் அதில் எடுத்ததுதான்.

இந்த 105 மி.மீ. லென்ஸ் சாதாரணமானதல்ல. நேஷனல் ஜியாகிரபிக் இதழின் 1985 ஜூன் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை ஸ்டீவ் மெக்கரி எடுத்தது இந்த வகை லென்ஸில்தான். நிக்கான் தன் எப் வகைக் கேமராவை 1959-ல் வெளியிட்ட காலத்திலிருந்தே 105 லென்ஸும் உண்டு. இடையில் உள்ளிருக்கும் கண்ணாடிகளின் அமைப்பை மாற்றினார்கள். பிறகு அதே லென்ஸ் பல்லாண்டுகள் விற்றது. 2006 ஜனவரியில் அந்த நிறுவனம் கையால் போகஸ் செய்யும் லென்ஸ்களில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. அத்துடன் 105-ன் காலமும் முடிந்தது.

கையால் திருகும் லென்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைக் கையில் எடுத்தால் முதலில் எடை தெரியும். பித்தளையும் அலுமினியமும் கண்ணாடியும் தவிர வேறு அதிகம் இல்லை. போகஸ் வளையத்தைத் திருகினால், உள்ளே ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய மரைகள் கெட்டியான கிரீஸில் மெதுவாக நகரும். தளரவும் தளராது, இறுகவும் இறுகாது. அருகில் இருக்கும் முகத்திலிருந்து தொலைவிலுள்ள மலை வரை போக ஏறக்குறைய அரைச் சுற்று திருக வேண்டும். அவ்வளவு நீண்ட ஓட்டம் இருப்பதால்தான், கண்ணிமை ரோமத்தில் போகஸ் வைக்க வேண்டுமா மூக்கு நுனியில் வைக்க வேண்டுமா என்பதை விரலே தீர்மானிக்க முடிகிறது.

மேலே தூர அளவும், அதன் அருகில் எவ்வளவு ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும் என்ற அளவும் பொறித்திருப்பார்கள். 35 மி.மீ. லென்ஸில் துளை எண்ணை 8-ல் வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். பிறகு போகஸைத் தொடவே வேண்டாம். தண்டவாளத்தின் ஓரம் நடந்துகொண்டே கேங்மேன்கள் வேலை செய்வதை நான் எடுத்த படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் எடுத்தவைதாம். இதற்கு பாட்டரி தேவையில்லை. கணக்குத் தெரிந்தால் போதும்.

சரி, இவ்வளவு நல்ல பொருளை ஏன் நிறுத்தினார்கள்? நெடுநாள் வரை நான் இதை ஒரு வியாபாரச் சூழ்ச்சி என்றே நினைத்திருந்தேன். நீண்ட நாள் உழைப்பதை நிறுத்திவிட்டு, சீக்கிரம் கெடுவதை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பலரிடம் வாதாடியும் இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோது, விஷயம் அத்தனை எளிதல்ல என்று தெரிந்தது. காரணங்கள் நான்கு.

முதல் காரணம், எங்கள் பாஷையில் சொன்னால், கேஜ் மாற்றம். 1985-ல் மினோல்டா நிறுவனம் தானே போகஸ் செய்யும் கேமராவைக் கொண்டுவந்து வெற்றி கண்டது. 1987-ல் கேனன் நிறுவனம் லென்ஸைக் கேமராவுடன் பூட்டும் வாயையே மாற்றிவிட்டது. மீட்டர்கேஜ் பெட்டி அகலப்பாதையில் ஓடாது அல்லவா? அதுபோல் அதுவரை விற்ற கேனன் லென்ஸ் எதுவும் புதிய கேமராவில் பொருந்தவில்லை. நிக்கான் பழைய வாயை விடாமல் வைத்திருந்தது. ஆனாலும் ஒரு மோட்டார் சுற்ற வேண்டுமென்றால் லென்ஸின் உள்பாகம் இலேசாக இருக்க வேண்டும், ஓட்டம் குறுகியதாக இருக்க வேண்டும், கிரீஸின் கெட்டித்தனம் போக வேண்டும். விரலுக்கு எது சுகமோ அது மோட்டாருக்குப் பாரம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரைத்தான் கேட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டிய தாய்க்கு அரைச் சுற்று திருக நேரம் ஏது?

இரண்டாவது காரணம் கண்ணாடி. லென்ஸுக்கான கண்ணாடி ஜன்னல் கண்ணாடியைப் போன்றதல்ல. ஒளியை எவ்வளவு வளைக்கிறது, நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது என்ற இரண்டு கணக்கை வைத்து நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பல வகைகளில் ஈயமும் ஆர்செனிக்கும் சேர்த்தார்கள். சுற்றுச்சூழலைக் கருதி 1990-களில் கண்ணாடித் தொழிற்சாலைகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வேறு கலவைகளுக்கு மாறின. அதற்கும் முன்னால் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடியே இருந்தது. பென்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய 50 மி.மீ. டாகுமார் லென்ஸ் நாளாக ஆக மஞ்சளாவது அதனால்தான். ஒரு கண்ணாடி வகை நின்றுவிட்டால், அதை வைத்துக் கணக்கிட்ட லென்ஸை அப்படியே தொடர்ந்து செய்ய முடியாது. வளைவுகளை எல்லாம் புதிதாகக் கணக்கிட்டு, கருவிகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். மாதத்துக்குச் சில நூறு விற்கும் பொருளுக்கு யார் அதைச் செய்வார்கள்?

மூன்றாவது காரணம் எண்ணிக்கையும் கைவேலையும். லென்ஸின் ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி தேய்ப்புக் கருவி வேண்டும். பூட்டும்போது கண்ணாடிகளின் மையம் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் நிற்க வேண்டும். இதற்குப் பழகிய கைகள் வேண்டும். ஒரு தடவை ஒரு தொகுதி செய்து வைத்துக்கொண்டு பல மாதம், சில சமயம் பல வருடம் விற்பார்கள். தொகுதி தீர்ந்த அன்று, அடுத்த தொகுதி செய்யலாமா என்ற கேள்வி வரும். அதற்குள் பழகிய தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார். அத்தனை லென்ஸ்களும் ஒரே நாளில் சாகவில்லை. அடுத்த தொகுதிக்கு உத்தரவு வராமலேயே பல லென்ஸ்கள் நின்றன.

இதோடு கேமரா வியாபாரமே சுருங்கிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கைப்பேசி செய்த வேலை. கியோசெரா நிறுவனம் காண்டாக்ஸ் கேமராக்களிலிருந்து 2005-ல் விலகியது. கோனிகா மினோல்டா 2006-ல் கேமராத் தொழிலையே விட்டது.

நான்காவது காரணம்தான் என்னைச் சுட்டது. நல்ல லென்ஸ் தேய்வதில்லை. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நினைத்துப் பாருங்கள். 'இந்து' என்ற பெயரில் அங்கே செய்த பிலிம்மை வாங்கினால் முப்பத்தாறு படத்தில் தீர்ந்துவிடும். மீண்டும் கடைக்குப் போக வேண்டும். பிலிம் விற்பவருக்கு ஒரே வாடிக்கையாளர் நூறு தடவை வருவார். லென்ஸ் விற்பவருக்கு ஒரே தடவைதான் வருவார். அவர் வாங்கியதை மகனுக்குக் கொடுப்பார், அல்லது என்னைப் போன்ற ஒருவருக்கு விற்பார். 1981-ல் செய்த லென்ஸ் 2001-ல் செய்த அதே லென்ஸுக்குப் போட்டியாக, பாதி விலையில் சந்தையில் நிற்கும். தன் தரமே தனக்கு எதிரி.

இங்கே நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் இப்போது ஆறு லென்ஸ்கள் இருக்கின்றன. புதிதாக, செய்தவர்களுக்குக் காசு போய்ச் சேரும்படி நான் வாங்கியது எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று, 1987-ல் மைத்துனர் கொண்டுவந்த அந்த 50 மி.மீ. மற்ற ஐந்தும் பழைய சாமான்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த லென்ஸ்களைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன், நிறுத்தியவர்களைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு என்னால் வந்த வருமானம் ஒரு லென்ஸின் விலை. என்னைப் போன்ற ரசிகர்கள் லட்சம் பேர் இருந்தாலும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு விளக்குக்கூட எரியாது. புகழ்ச்சி கூலி கொடுக்காது.

இன்றும் கையால் திருகும் நல்ல லென்ஸ்களைச் செய்பவர்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் கொசினா நிறுவனம் 1999 முதல் வாய்க்லாண்டர் என்ற பழைய ஜெர்மானியப் பெயரில் செய்கிறது. ஜெர்மனியின் லைக்கா தன் எம் வகை லென்ஸ்களை விடவில்லை. அவற்றின் விலையைக் கேட்டால் நமக்கு வியர்க்கிறது. சிறு எண்ணிக்கையில், கைப்பட, நல்லதாகச் செய்தால் அதுதான் விலை. பொருள் பழைய தரத்தில் இருக்க வேண்டும், விலையும் பழைய விலையாகவே இருக்க வேண்டும் என்றால் நடக்குமா?

என் மகன் இன்னொன்றும் சொல்வான். "அப்பா, நீங்க சொல்ற அந்த 105-ஐ விட இன்னைக்கு வர்ற லென்ஸ் படத்தோட ஓரத்துலகூட கூர்மையா இருக்கு. நீங்க அதைப் பேச மாட்டேங்கிறீங்க." அவன் சொல்வது சரி. கம்ப்யூட்டர் கணக்கும் புது மேற்பூச்சும் வந்தபின் கண்ணாடியின் தரம் உயர்ந்துதான் இருக்கிறது. என் பழைய லென்ஸ்களில் சில, எதிர் வெயிலில் படத்தை வெளுத்துவிடும். பழையது என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. எனக்கு அதில் பிடித்தது அதன் கூர்மை அல்ல, அதைத் திறந்து, துடைத்து, மூட முடியும் என்பதுதான்.

நிறுத்துவதைப் பற்றி நான் பேசுவதற்கு இன்னொரு தகுதியும் இருக்கிறது. நானும் நிறுத்தியவன். 1904-ல் திறந்த கொல்லம் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் நான் சில காலம் வேலை செய்திருக்கிறேன். 2010 செப்டம்பரில் புனலூர் - செங்கோட்டை இடையே மீட்டர்கேஜ் வண்டி நின்றது. நிற்பதற்குச் சில நாள் முன்பு விடுப்பு எடுத்துக்கொண்டு போய், கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண்ணறைப் பாலத்தின் மேல் வண்டி போவதை என் 105-ல் எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும், "இவ்வளவு நல்லா ஓடுற வண்டியை ஏன் சார் நிப்பாட்டுறீங்க?" என்று கேட்டார். பொங்கலன்று அந்தத் தம்பி கேட்ட அதே கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில் நினைவிருக்கிறது: "எல்லா ஊர்லயும் பாதை மாறிடுச்சு ஐயா. இது ஒண்ணை மட்டும் தனியா வெச்சுக்கிட்டா பெட்டிக்கும் இஞ்சினுக்கும் எங்க போறது?"

லென்ஸ் செய்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நான் சொன்னபோது நியாயமாக இருந்தது, அவர்கள் சொன்னால் மட்டும் சூழ்ச்சியா?

ஆகவே நிறுத்துவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018-ல் அதே தடத்தில் அகலப்பாதை வந்தபோது பதிமூன்று கண்ணறைப் பாலத்தை இடிக்கவில்லை. அதை வலுப்படுத்தி, அதன் மேலேயே புதுப் பாதை போட்டார்கள். வண்டி நின்றது, பாலம் நின்று உழைக்கிறது. ஒன்றை நிறுத்தும்போது எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்று பார்ப்பதுதான் பொறியியல் என்று நான் நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய உதாரணம் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் அந்த நீராவி இஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை. கடைசித் தொகுதி 1952-ல் வந்தது. செய்தவர்கள் என்றோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அவற்றைப் பிரித்து, சேர்த்து, தேய்ந்த பாகங்களைத் தாங்களே செய்து வந்தார்கள். அளவுகள் கையில் இருந்தன, செய்யும் கைகளும் இருந்தன. அதன் பயனாக 2011-ல் பொன்மலையிலிருந்து எண்ணெயில் எரியும் ஒரு புத்தம் புதிய மலை இஞ்சினே வெளியே வந்தது. செய்தவர் நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு! ஒரு பொருள் சாவது தொழிற்சாலை நிறுத்தும் நாளில் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதிர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. கல்கத்தாவில் 1830-ல் நில அளவைக் கருவிகளுக்கென்று தொடங்கிய பணிமனை, 1957-ல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அரசு நிறுவனமாயிற்று. ஜாதவ்பூரில் தியோடலைட்டும் லெவலும் அங்கே செய்தார்கள். 'நேஷனல் 35' என்ற கேமராவையும் செய்தார்கள். கண்ணாடியைத் தேய்த்து, மெருகேற்றி, பூட்டத் தெரிந்த கைகள் ஒரு காலத்தில் நம்மிடமே இருந்தன. நிறுவனம் நொடித்து, 2009-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. இன்று ஒரு நேஷனல் 35 கேமராவின் ஷட்டர் நின்றுவிட்டால் யாரிடம் போவது? இடம் இருக்கிறது, கருவி இருக்கிறது. கை போய்விட்டது.

என் 105-க்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கழக்கூட்டத்தின் காற்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆக்குளம் காயல். இடவப்பாதி மழை தொடங்கினால் தலையணை உறைகூடக் காயாது. கொரோனாக் காலத்தில் இரண்டு மழைக்காலம் முழுக்க என் லென்ஸைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். துளையின் தகடுகளிலும் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பல கம்பெனிச் சாமான்களையும் பழுது பார்க்கும் ஒரு பெரிய கடைக்குக் கொண்டு போனேன். முன்மேசையில் இருந்த பையன் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இது நிறுத்தின மாடல். சாமான் வராது. புதுசு வாங்கிக்குங்க சார்" என்றான். சாமான் ஒன்றும் தேவையில்லை, திறந்து துடைத்தால் போதும் என்றேன். "திறக்கிற ஆள் இங்கே இல்லை சார்" என்றான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு மாடிப்படியின் கீழே, கடிகாரமும் கேமராவும் பழுது பார்க்கும் ஒரு அண்ணாச்சியைக் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "பூஞ்சணம் கண்ணாடியை இன்னும் தின்னலை. பூச்சுலதான் இருக்கு. ரெண்டு மாசம் தாமதிச்சிருந்தா போயிருக்கும். நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் என் கண் முன்னாலேயே பூட்டினார். கை இலேசாக நடுங்கியது. ஆனால் திருகாணியைத் தொடும் நேரத்தில் மட்டும் நடுக்கம் நின்றுவிடும். பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதியதை ஒரு தீக்குச்சி முனையால் தடவினார். கூலி அறுநூறு ரூபாய் கேட்டார். வளையத்தைத் திருகிப் பார்த்தேன். 1994-ல் கைக்கு வந்தபோது இருந்த அதே வழவழப்பு.

"யாருக்காவது இதைச் சொல்லிக் கொடுத்திருக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"யார் வாறா? என் பேரன்கூட இதைத் தொட மாட்டேங்கான். உங்க லென்ஸ் இன்னும் அம்பது வருஷம் இருக்கும். நான் இருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு இன்னொரு லென்ஸை எடுத்துக்கொண்டு போனபோது மாடிப்படியின் கீழே பூட்டுத் தொங்கியது. கண் சரியில்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு 2006-ல் அந்த அறிவிப்பைப் படித்தபோது வராத துக்கம் அன்று வந்தது. ஜப்பானில் ஒரு தொழிற்சாலை நிறுத்தியதால் என் லென்ஸ் சாகவில்லை. சாலையில் ஒரு கடை மூடியதால்தான் அதற்கு ஆபத்து வந்திருக்கிறது.

என் முடிவு இதுதான். செய்கிறவர்கள் ஒரு பொருளை நிறுத்தட்டும். ஆனால் நிறுத்தும் நாளில் அதன் வரைபடங்களையும் பழுது பார்க்கும் குறிப்புகளையும் பூட்டி வைக்காமல், கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். இனி விற்கப் போவதில்லை என்று சொன்ன பொருளின் அளவுகளைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு என்ன நட்டம்? நம் மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். கேமரா, மைக்ராஸ்கோப், நில அளவைக் கருவிகள் போன்ற கண்ணாடிச் சாமான்களும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும் என்பது என் கோரிக்கை. பள்ளிக்கூடச் சோதனைச்சாலைகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் மைக்ராஸ்கோப்புகளை நினைத்தால், இது கேமராப் பைத்தியங்களின் குறை மட்டும் அல்ல என்பது விளங்கும்.

அரசும் கம்பெனியும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் அங்கத்தினர்களில் பலர் வீட்டில் மாமனார் விட்டுப்போன கேமராவோ, கல்ப் காலத்து லென்ஸோ அலமாரியில் கிடக்கும். முதலில் அதை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள், அந்தத் தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் நீல நிறச் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். வாணலியில் இலேசாகச் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். மாதம் ஒரு முறை வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகுங்கள். உபயோகிக்கிற லென்ஸில் பூஞ்சணம் எளிதில் வராது. பூட்டி வைத்ததில்தான் வரும்.

அந்தப் பழைய லென்ஸ்கள் உதவாதவை என்றும் எண்ண வேண்டாம். இப்போது வரும் கண்ணாடி மடிப்பு இல்லாத கேமராக்களில், ஒரு சிறு உலோக வளையத்தை இடையில் வைத்தால் பழைய லென்ஸ் அநேகமாக எதுவும் பொருந்தும். நிக்கான் லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் வேண்டும். சோனியின் புதுக் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மீதி 28.5 மி.மீ. உயரத்துக்கு ஒரு குழாய் வைத்தால் கணக்குச் சரி. மீட்டர்கேஜ் பெட்டியை அகலப்பாதையில் ஓட்ட எங்களால் முடியவில்லை. இதில் முடிகிறது.

இரண்டாவதாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், நம் கூடத்தில் ஒரு மேசையை ஒதுக்கித் தாருங்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறோம். ரேடியோ தெரிந்தவர் இருக்கிறார், தையல் இயந்திரம் தெரிந்தவர் இருக்கிறார், கடிகாரம் தெரிந்தவர் இருக்கிறார். பிள்ளைகள் வந்து உட்காரட்டும். நாங்கள் திறந்து காட்டுகிறோம். சாலை அண்ணாச்சியிடம் தொலைபேசியில் பேசினேன். கண் அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டதாம். "கை வேலை இனி ஆகாது. வாயால சொல்லுகேன், யாராவது செய்யட்டும்" என்கிறார். அழைத்து வர நான் தயார். என்னிடம் திறந்து பழகுவதற்கென்றே பழுதான லென்ஸ்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றைக் கெடுத்தாலும் பரவாயில்லை.

பொங்கலன்று கேள்வி கேட்ட தம்பி இதைப் படித்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சாமான் கிடைக்காது தம்பி. ஆனால் அதற்கு அநேகமாகச் சாமானே தேவைப்படாது. திறக்கத் தெரிந்த ஒரு ஆள் போதும். அந்த ஆள் நீங்களாக இருந்தால் எனக்கு மெத்த மகிழ்ச்சி. முதல் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.